விக்கிரவாண்டியில் கைமாறிய குழந்தை

“ஏழுமலண்ணே, உங்க கொயந்த எங்க வண்டியில கீது.”

போனில் பேசியவன் தனசேகர். நான் கண்டக்டராக இருந்த தனியார் பஸ் ஓடிய அதே தடத்தில் ஓடும் இன்னொரு பஸ்ஸின் கண்டக்டர். நாங்கள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்துகொண்டிருந்தோம். முண்டியம்பாக்கம் தாண்டியிருந்தது. அவன் வண்டி எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது.

“கொயந்தன்னா? மலரு எங்க?”

“அண்ணி கூட்டேரிப்பட்டுலயே எறங்கிட்டாங்க போலண்ணே. கூட்டத்துல நான் கவனிக்கல. கொயந்த மட்டும் ஒரு அம்மா மடியில தூங்கிக்கினு கீது. விக்கிரவாண்டியில வண்டிய நிறுத்தி வெக்கிறேன். ஜல்தி வாங்க.”

என் கையில் யாரோ டிக்கெட்டுக்கு நீட்டிய நோட்டு இருந்தது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன் என்று பிறகு டிரைவர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

என் மகள் யாழினிக்கு அப்போது நாலு மாதம் இருக்கும். கொரோனா ஓய்ந்து பஸ்கள் பழையபடி நிறைந்து ஓடத் தொடங்கியிருந்த காலம்.

இந்தத் தொடரில் போன வாரம் டிக்கெட் எடுக்காத மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை. மலரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க. ஆனா எனக்குப் பைத்தியம்னு மட்டும் எழுதிடாதீங்க” என்றாள்.

மடி

பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்களோ இல்லையோ, கையை நீட்டிவிடுவார்கள். “இப்புடி குடும்மா” என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. குழந்தையும் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்க்கும், பிறகு புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடும். எத்தனையோ குழந்தைகள் திண்டிவனத்தில் ஒரு மடியில் ஏறி, விழுப்புரத்தில் வேறொரு மடியிலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் கைகளெல்லாம் எங்கே போகின்றன என்றுதான் தெரியவில்லை.

மலர்விழி பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நான் பிளஸ் டூ. பெண் பார்க்கப் போன அன்றே அவளுடைய அப்பா, “பொண்ணு வேலய விடமாட்டா, சம்மதமா?” என்று கேட்டார். எனக்கு அதில் பெருமைதான். ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்தும்போது ஒரு பையன் தப்பான வழியில் சரியான விடைக்கு வந்திருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பாள். எனக்குப் புரியாது. நானும் சிரிப்பேன்.

வளைகாப்புக்குத் தெருவே வந்தது. அவள் கை முழுக்க வளையல். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஆக்கிக் கொண்டுவந்து ஊட்டிவிட்டார்கள். பிரசவம் முடிந்ததும் அதே பெண்கள் வந்து பார்த்தார்கள். “பால் இருக்குதா? யாரு ஜாடை?” என்று கேட்டார்கள். குழந்தையின் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஓர் அடுப்பு, வெளியில் ஒரு வேலை.

மலருக்கு அம்மா கிடையாது. கண்டமங்கலத்தில் அண்ணன் வீட்டில்தான் பிரசவத்துக்குப் பின் இருந்தாள். அண்ணிக்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு மாதம் முடிவதற்குள், “நான் நம்ம வீட்டுக்கே வந்துடறேங்க” என்றாள். என் அம்மா கூலிக்குக் களை எடுக்கப் போகிறவர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கும் பருவம் வேறு. விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி. வண்டியுள்ள நாளில் இருட்டோடு போய் இருட்டோடு வருவேன்.

ஆக, நாள் முழுக்க அந்த ஓட்டு வீட்டில் இரண்டே பேர். ஒருத்திக்குப் பேச வராது. இன்னொருத்தி பேசுவதை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு கொதித்து வழிந்துகொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே நிற்பாள். குழந்தை அழும். எடுப்பாள், பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள். எல்லாம் சரியாகச் செய்வாள். ஆனால் அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். “தூங்கினியா?” என்றால், “அது தூங்கிச்சு” என்பாள். என் அம்மா, “காத்து கருப்பு பட்டிருக்கும்” என்று மயிலத்தில் யாரிடமோ கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மாறும் என்று நான் நினைத்தேன். அன்று காலை அவளையும் குழந்தையையும் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளும்படி தனசேகரிடம் சொல்லியிருந்தேன்.

கூட்டேரிப்பட்டு

விக்கிரவாண்டியில் இரண்டு பஸ்களும் சாலையின் இரண்டு பக்கம் நின்றன. தனசேகர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். அவன் பின்னாலேயே நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள்.

“பெத்தவளா அவ? புள்ளய வுட்டுட்டு எவன் கூடப் போனாளோ” என்றார் ஒரு ஆள்.

குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மாவும் இறங்கி வந்திருந்தார். கூடைக்காரம்மா. அவர் மட்டும் திட்டவில்லை. “அந்தப் பொண்ணு மொகமே சரியில்ல கண்ணு. ‘கொஞ்சம் வெச்சுக்கோங்க’ன்னு குடுத்துச்சு. எறங்கும்போது திரும்பிப் பாத்துட்டுத்தான் போச்சு. போயி ஜல்தியா தேடு” என்றார்.

யாழினியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு என் வண்டியிலேயே ஏறினேன். அன்று அந்தத் தூரத்துக்கு யாருக்கும் நான் டிக்கெட் கொடுக்கவில்லை. கேட்டவர்களும் இல்லை.

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் மலர் உட்கார்ந்திருந்தாள். கால்களை ஒட்டி வைத்து, கைப்பையை மடியில் வைத்து, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரியே. அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“ஏன் மலரு?”

“அந்தம்மா மடியில நல்லா தூங்கிச்சுங்க. எங்கிட்ட அது அப்படித் தூங்கினதே இல்ல. எழுப்ப வேணாம்னு தோணிச்சு.”

அவ்வளவுதான். 

ஸ்டெல்லா

கூடைக்காரம்மா போகிற இடமெல்லாம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் ஒரு இளம்பெண் ஸ்கூட்டியில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். பெயர் ஸ்டெல்லா. விழுப்புரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் இருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் யாழினியை நீட்டினேன்.

“கொழந்த அழகா இருக்கு அண்ணா. நான் அக்காவப் பாக்க வந்தேன்.”

பிரசவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அன்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மலர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மலர் பேசவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் மலர், “எனக்குக் கொழந்தயப் பிடிக்கலியோன்னு பயமா இருக்கு” என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.  ஸ்டெல்லா, “நெறய அம்மாங்களுக்கு வரும்க்கா. டாக்டர்கிட்டயும் ஒருவாட்டி போலாம், நான் கூட வர்றேன்” என்றாள். காய்ச்சலைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு சாதாரணமாக.

என்னையும் விடவில்லை. எனக்கு வண்டியில்லாத நாளாகப் பார்த்து வருவாள். “அண்ணா, கொழந்தயக் குளிப்பாட்டியிருக்கீங்களா? இன்னிக்கு நீங்கதான்.” என் கையில் யாழினி வழுக்கியதும் நான் போட்ட கூச்சலில் மலர் சிரித்துவிட்டாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட சிரிப்பு அது. நடுவில் எங்கோ போய்விட்டு வந்திருந்தது.

பிறகு எங்கள் பக்கத்து நிறுத்தத்தருகே ஒரு கூடத்தை அந்த நிறுவனமே வாடகைக்குப் பிடித்தது. சனிக்கிழமைகளில் தாய்மார்கள் கூடுவார்கள். நாங்கள் சில அப்பாக்களும் ஓரமாகப் போய் நிற்போம். வார நாட்களில் கஸ்தூரி என்ற பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து, வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மலர் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து குழந்தையைத் தூக்கி, “என்ன மேடம், இன்னிக்கு என்ன பாடம்?” என்று அதன் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

அந்த நிறுத்தம்

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள் என்பது கண்டக்டருக்குத் தெரியும்.

அந்தக் கூடம் திறந்த பிறகு, எங்கள் காலை வண்டியில் அந்த நிறுத்தத்தில் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். ஒருத்தி விழுப்புரத்தில் துணிக்கடைக்கு. ஒருத்தி லேபுக்கு. இரண்டு பேர் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், மறுபடி சேர்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு முதியவரும் பால்கேனும் மட்டும் ஏறும் இடம். டிரைவர், “என்னாப்பா, இங்க புதுசா காலேஜ் தொறந்துட்டாங்களா?” என்று கேட்டார். “காலேஜ் இல்லண்ணே, ஒரு ரூமு” என்றேன்.

அந்த ஒரு அறையும், வாரம் ஒருமுறை வரும் ஒரு ஸ்கூட்டியும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன என்று எனக்குத் தெரியும். சாயங்கால வண்டியில் அந்தப் பெண்கள் கையில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அப்பாக்கள் சண்டை போடுவது குறைந்தது என்று கஸ்தூரி சொல்வாள். முழுக்க நின்றது என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு ஒருநாள் ஸ்டெல்லா முகம் வாடி வந்து உட்கார்ந்தாள். மலர்தான், “என்ன ஸ்டெல்லா?” என்று கேட்டாள்.

“ப்ராஜெக்ட் முடியுதுக்கா. பணம் குடுத்தவங்க வேற மாவட்டத்துக்குப் போறாங்களாம். இங்க நல்லா நடக்குதாம், அதனால இனிமே தேவப்படாதுன்னு எழுதிட்டாங்க.”

நன்றாக நடந்ததால் நின்றது. இன்றுவரை என்னால் இதை ஜீரணிக்க முடியவில்லை.

தாய்மார்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கூடத்தை நடத்திப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் கஸ்தூரிக்கு உடம்பு முடியாமல் போனது. கூடத்துக்காரர் மல்லாட்டை மூட்டை அடுக்க இடம் கேட்டார். காலை வண்டி மறுபடி அந்த நிறுத்தத்தில் நிற்காமலே போகத் தொடங்கியது. நிறுத்தச் சொல்லிக் கை காட்ட ஆள் இல்லை.

மலர் அப்போது இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள்.

திட்டம் இல்லை

பையன் பிறந்தான். கவின். இந்த முறை எனக்கு அடையாளம் தெரிந்தது. சோறு வழிவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற முதல் நாளே தெரிந்தது. ஓடினேன். அரசாங்க டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். “மாத்திரை கேக்கும். ஆனா வீட்டுல கூட ஒரு ஆள் இருக்கணும்ப்பா” என்றார். அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கிருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“கொழந்த எடை சரியா இருக்குங்களா?”

“இருக்குங்க.”

“தடுப்பூசி?”

“எல்லாம் போட்டாச்சுங்க.”

“அம்மாவுக்கு ரத்தம் கம்மியா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்னங்க பிரச்சினை?”

“வீட்டுக்கு ஒருத்தர் வரணுங்க. வாரத்துல ஒருநாள். உக்காந்து பேசிட்டுப் போனாப் போதும். முன்ன வந்தாங்க, நல்லாயிட்டா.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “கொழந்தைக்குச் சத்துமாவு குடுக்கலாம். ஊசி போடலாம். பெத்தவங்களுக்குத் துணையா உக்கார ஆளு… அப்படித் திட்டம் எதுவும் எங்கிட்ட இல்லைங்களே.”

வெளியே வந்து விழுப்புரம் பஸ் நிலையத்தில் வெகு நேரம் நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலரைத் தனியாக விட முடியாமல் நான் வண்டியை விட்டேன். இப்போது பக்கத்து ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிறேன். வீட்டுக்கு ஓடி வந்து பார்க்கலாம் என்பதுதான் அந்த வேலையில் உள்ள ஒரே நல்லது. என் அம்மா களை எடுக்கப் போவதை நிறுத்தினார். பள்ளிக்கூடம் மலரின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டது. அவளும் கேட்கப் போகவில்லை.

கவினுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. காரணம் இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். விழுப்புரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களின் முகங்களைப் பார்க்கிறேன். பயிற்சி தருபவர் ஒருமுறை மலரிடம், “வீட்டுல கொழந்தையோட நெறய பேசணும்மா” என்றார். மலர் தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “பேசணும்தாங்க. உள்ள ஒண்ணுமே இல்லியே, எதப் பேசறது?” என்றாள்.

யாழினிக்கு இப்போது அம்மா தூங்கும்போது சத்தமில்லாமல் கதவைச் சாத்தத் தெரியும். அவள் வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புடவைப் பிரிவு

கவின் கைக்குழந்தையாக இருந்தபோது, மலர் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த நாட்களில், நான் ஸ்டெல்லாவைத் தேடிக்கொண்டு போனேன். புதுச்சேரியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கஸ்தூரி சொல்லியிருந்தாள்.

இரண்டாவது மாடியில், புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். சீருடைச் சேலை. உட்கார நாற்காலி இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே என் முகத்தைப் பார்த்து அடங்கியது.

“மலரக்கா மறுபடியும் அப்படித்தானா அண்ணா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் ஒரு புடவையை விரித்து, மடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி தெரிய வேண்டுமே.

“ஞாயித்துக்கெயமயில ஒருநாள் வந்துட்டுப் போம்மா. பஸ்சுல நானே கூட்டிக்கினு போயி, நானே கொண்டாந்து வுடறேன்” என்றேன்.

அவள் மடித்த புடவையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள். ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அதை மறைக்கத்தான்.

“எனக்கும் கொழந்த பொறந்திருக்குண்ணா. ரெண்டாம் மாசமே வேலைக்கு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம லீவு கெடயாது, அன்னிக்குத்தான் கூட்டம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அக்காவுக்கு என்ன வேணும்னு எனக்கு நல்லாத் தெரியும். எனக்கும் அதான் வேணும். யாராவது வந்து பக்கத்துல உக்காரமாட்டாங்களான்னு இருக்குண்ணா.”

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். “சாருக்கு என்ன காட்டிக்கினு இருக்கீங்க?” என்று கேட்டார்.

“சாருக்குப் பிடிக்கல சார். வேற பாத்துக்கறாராம்” என்றாள் ஸ்டெல்லா.

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கவின் என் அம்மாவிடம் இருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவால் வர முடியாதென்றும், அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்றும், கடையில் நாள் முழுக்க நிற்கிறாளென்றும் சொன்னேன். காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து மலர் திரும்பினாள். நாலைந்து நாளாக அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்கவில்லை.

“அவ கொழந்தய யாருங்க பாத்துக்கறாங்க?”

நான் அதைக் கேட்டுவிட்டு வரவில்லை. “தெரியல மலரு” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.